அரை டம்ளர் சாயாவில் பெண் பார்த்தவள்

மட்டாஞ்சேரியில் இட்லிக் கடை வைத்திருந்த சீனியம்மாளுக்கு உலகத்தில் ஒருத்தர் முகமும் பிடிக்காது. மகன் பிச்சைக்குப் பெண் பார்க்கப் போனால், அரை டம்ளர் சாயா குடிப்பதற்குள் தீர்ப்பு வந்துவிடும். ஒருத்தி ஒட்டடைக் குச்சி, ஒருத்தி உரல். சொல்கிறவள் பெரிய ரதிதான், போங்கள்!

கொச்சங்காடியில் சுக்குக் கிடங்கில் வேலை பார்த்த முப்பிடாதியைப் பிச்சைக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அம்மாவிடம் சொல்லியும் இருந்தான். சீனியம்மாள் போய் உட்கார்ந்தாள், பார்த்தாள், டம்ளரைப் பாதியில் வைத்தாள்.

“கரிச்சட்டிக்கு முட்டக்கண்ணு வேறயா? ஏலே, எந்திரி.”

பெண்ணின் காதுபடத்தான் சொன்னாள். பிச்சையும் எந்திரித்தான். அவன் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

அது எழுபத்தெட்டாம் வருஷம். அந்த ஆடியில் ஒருநாள் கொட்டிய மழை சீனியம்மாளைக் காய்கறிப் பையோடு பழைய அரண்மனைக்குள் தள்ளிவிட்டது. சுவர்ச் சித்திரம் பார்க்க வந்தவர்களை, “வேலவெட்டி இல்லாத கூட்டம்” என்று முனகிக்கொண்டு ஓர் ஓரமாய் நின்றாள். முதலில் சுவரில் அடுப்படி அழுக்குதான் தெரிந்தது. மழை விடவில்லை. வேறு வழியில்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். இருட்டுக்குக் கண் பழகப் பழக, அழுக்குக்குள்ளிருந்து ஒரு தோள் வந்தது, நகை வந்தது, அப்புறம் கண்கள். கரும்பச்சையில் சாமி, சுற்றிலும் அகன்ற கண்ணும் கனத்த இடுப்புமாய்ப் பெண்கள். அவள் இதுவரை கழித்துக்கட்டிய அத்தனையும் அந்தச் சுவரில் இருந்தது. ஒன்றையும் கழிக்க முடியவில்லை. அடி ஆத்தீ! முப்பிடாதியின் கண் ஞாபகத்துக்கு வந்தது.

வெட்கமில்லாமல் மறுநாளே கொச்சங்காடிக்குப் போனாள். பெண்ணின் அம்மா அங்கம்மாள் கொடுத்த சாயாவை இந்தத் தடவை முழுதாகக் குடித்தாள். பெண்ணை நிதானமாகப் பார்த்தாள்.

“மதினி, அன்னைக்கு நான் சரியாப் பாக்கல. உங்க பிள்ளைக்கு சாமி கண்ணுல்லா! பிச்சைக்கே குடுத்திருங்க.”

அங்கம்மாள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். முப்பிடாதி வந்து காலி டம்ளரை எடுத்துக்கொண்டாள்.

“நான் அன்னைக்கே சரியாப் பாத்துட்டேன் அத்தை. நீங்க பேசுனதக்கூட விடுங்க. உங்க மகன் வாயத் தொறக்காம எந்திரிச்சாருல்லா, அதப் பாத்தேன். எனக்கு அவரு வேண்டாம்.”

“பெரிய மகாராணி இவ!” என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே சீனியம்மாள் கடைக்குத் திரும்பினாள். பிச்சை பரிமாறிக்கொண்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த சேட்டன் ஒருவர் இன்னும் கொஞ்சம் சட்னி கேட்டார். முப்பது வயது ஆம்பிளை, கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அம்மா முகத்தைப் பார்த்தான்.

“ஊத்தட்டுமாம்மா?”

சீனியம்மாள் அந்தச் சுவரைப் பார்த்ததுபோலவே அவனைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பார்க்கப் பார்க்க, அவனைப் பெற்று வளர்த்தவள்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது.