ஒரு ‘லி’ கூடிப்போனது

இதை எழுதப் பல மாதங்களாகத் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவன் ஆங்கிலத்தைப் பற்றி எழுதினால் சிரிப்பார்களே என்றுதான்.

மனைவி காலமான பின் நீடாமங்கலத்து வீட்டில் நான் மட்டும். மகன் லண்டனில். மருமகளுக்குத் தமிழ் தெரியாது. அவளுடைய பிரசவத்துக்கு முன், ஒரு வார்த்தையாவது நானே ஆங்கிலத்தில் பேச ஆசைப்பட்டேன். ரொம்பவும் என்பதற்கு ‘ஹார்டு’ என்று தெரியும். ஸ்லோ ‘ஸ்லோலி’ ஆகிறதே என்று இதற்கும் ஒரு ‘லி’ சேர்த்துக்கொண்டேன். “ஐ ஹார்ட்லி ப்ரே ஃபார் யூம்மா” என்றேன். அவள் போனை மகனிடம் கொடுத்துவிட்டாள்.

“என்னப்பா, அவளுக்காக வேண்டிக்கிறதே இல்லங்கிற மாதிரி சொல்லிட்டீங்க!”

“ஐயோ பெருமாளே! உருகி உருகி வேண்டிக்கிறேன்னுல்லடா சொன்னேன். நீ எடுத்துச் சொல்லுப்பா.”

“சொல்றேன், சொல்றேன். லண்டன் இங்கிலீஷெல்லாம் உங்களுக்கு எதுக்கு?” என்று சிரித்தான்.

சொன்னானோ இல்லையோ. பேரன் நடக்கவே ஆரம்பித்துவிட்டான். அவள் இன்னும் போனுக்கு வருவதில்லை. தினமும் சன்னதியில் அவள் பெயரைத்தான் முதலில் சொல்கிறேன். அது பெருமாளுக்கு மட்டும்தான் தெரியும்.

இதை யாரிடமாவது சொல்வதானால் என் ஆங்கிலத்தைத் திருத்தாமல் அப்படியே சொல்லுங்கள். திருத்திவிட்டால், அவள் மனம் ஏன் நொந்தது என்று கேட்பவர்களுக்குப் புரியாது.