வராத மூன்றாவது ரவுண்டு

நடுவர் எங்கள் இருவரையும் குஸ்தி மேட் விரிப்பின் நடுவில் நிறுத்தி, ஆளுக்கு ஒரு மணிக்கட்டைப் பிடித்தார். மூன்றாவது ரவுண்டுக்கு முன்னால் இப்படி ஒரு வழக்கம் இருக்கும்போல என்று நினைத்து நானும் சமர்த்தாக நின்றேன். பிறகு எதிராளியின் கை மட்டும் மேலே போனது. அவள் குதித்தாள், அழுதாள், ஓடிப் போய் யாரையோ கட்டிக்கொண்டாள். நான் மட்டும் முழங்காலை மடக்கி, கைகளை முன்னால் நீட்டி, அடுத்த விசிலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். "சார், இன்னும் ஒரு ரவுண்டு கீதே சார்" என்று நான் சொன்னது மண்டபத்தின் கடைசி வரிசை வரை கேட்டிருக்க வேண்டும். பலர் சிரித்தார்கள். சிரிக்காதவள் ஒருத்திதான். மேட்டின் ஓரத்தில், எனக்காகப் போட்டிருந்த நாற்காலியில், மடியில் துண்டோடு உட்கார்ந்திருந்த என் அண்ணி.

அண்ணிக்கும் எனக்கும் நான்கைந்து வயதுதான் வித்தியாசம். சுண்ணாம்புக்குளத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பள்ளிக்கூட நாட்களில் குஸ்தியில் மாநிலப் போட்டி வரை போய் வந்தவள் என்பது கல்யாணமாகி வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டுப் பெண்கள் பழவேற்காடு ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்கள். தண்ணீரில் குந்தி உட்கார்ந்து, பிடித்ததைப் போடும் ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவியபடி குந்தியவாக்கிலேயே நகர வேண்டும். ஒருநாள் அப்படி நகர்ந்துகொண்டிருந்த என்னை அண்ணி திரும்பித் திரும்பிப் பார்த்தாள். பறிக் கயிற்றை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "இன்னாமே, நீ குந்தறதே குஸ்திக்காரி குந்தற மாதிரி கீது" என்றாள். அன்று சாயந்திரமே டச்சுக்காரர் கல்லறைச் சுவருக்குப் பின்னாலிருந்த மணலில் என்னைத் தூக்கிப் போட்டாள். வாசல் தூணில் செதுக்கியிருக்கும் எலும்புக்கூடுகளுக்குப் பயந்து பிள்ளைகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள் என்பதால் எங்களுக்கு வசதியாகப் போயிற்று. அவ்வளவு சந்தோஷமாக அண்ணியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. என்னைக் கீழே போட்டுவிட்டு, என் மேலேயே விழுந்து சிரிப்பாள்.

வீட்டில் அவளுக்குச் சிரிக்க ஒன்றுமில்லை. நைனா இறந்தபின் அண்ணன், அண்ணி, நான் என்று மூன்று பேர்தான். அண்ணன் படகுக்குப் போகிறவன். குடித்துவிட்டு வந்தால் கை நீளும். அப்போதெல்லாம் நான் குறுக்கே விழுந்து அவன் கையை முதுகுப் பக்கம் மடக்கி, திண்டாடவிட்டு, அடங்கும்வரை பிடித்துக்கொள்வேன். அண்ணி மணலில் கற்றுக்கொடுத்த பிடிதான். காலையில் எழுந்து, "என் தங்கச்சி என்மேல உசுரயே வெச்சிக்கீறா" என்று அவளிடமே பெருமை பேசுவான்.

குஸ்தி எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. அதன் கணக்குத்தான் வரவில்லை. காலைப் பிடித்துச் சாய்த்து மேலே ஏறினால் இரண்டு பாயிண்ட், வட்டத்துக்கு வெளியே தள்ளினால் ஒன்று என்பதெல்லாம் சரி. நான் ஒருத்தியைத் தூக்கும்போது என் முதுகு கொஞ்சம் தரைப் பக்கம் திரும்பினால் பாயிண்ட் அவளுக்குப் போய்விடும் என்றார்களே, அது எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. தூக்கினது நானல்லவா? சும்மா நின்றாலும் குற்றமாம். சண்டையில் சும்மா நிற்பவர் எவ்வளவு பேரை நான் ஊரில் பார்த்திருக்கிறேன்! ஆனால் ஒரே ஒரு விதி மட்டும் கேட்டவுடனே மனசில் ஒட்டிக்கொண்டது. மொத்தம் மூன்று ரவுண்டு. ஒவ்வொரு ரவுண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இரண்டு ரவுண்டில் ஜெயித்தால் போதும். ஒரு ரவுண்டை ஒரு பாயிண்டில் விட்டாலும் ஆறு பாயிண்டில் விட்டாலும் ஒன்றுதான். ஏரியில் இறங்குகிறவளுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம். நேற்று வெறும் பறியோடு கரையேறினேன் என்பதற்காக இன்றைய இறாலில் யாரும் கழித்துக்கொள்வதில்லை.

மாவட்டத் தேர்வு பொன்னேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமேடைக்குக் கீழே மேட் விரித்திருந்தார்கள். என் எடைப் பிரிவில் ஜெயிக்கிறவளுக்கு விளையாட்டு விடுதியில் இடம். சாப்பாடு, படிப்பு எல்லாம் அங்கேயே, ஊரைவிட்டு வெகுதூரத்தில். அடுத்த வருடம் எனக்கு வயது தாண்டிவிடும் என்பதால் அந்த ஒரு நாள்தான் எனக்கிருந்தது. எடை பார்க்கும் வரிசையில் நான் நின்றிருந்தபோது, ஓரத்து நாற்காலிகளில் உட்காரப்போகிறவர்களை மட்டும் மாடிக்குக் கூப்பிட்டு விதிகளைச் சொன்னார்கள். எனக்காக அண்ணி போனாள். இந்த வருடம் விதியெல்லாம் மாறிவிட்டதாம் என்று வரிசையில் யாரோ பேச, நான் மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நின்றேன். மற்றவர்கள் எல்லாரும் வந்த பிறகு கடைசியாகத்தான் அண்ணி படியிறங்கி வந்தாள்.

"இன்னா அண்ணி, ரூலு மாறிடுச்சாமே?"

"ஒண்ணும் மாறல. அதே மூணு ரவுண்டுதான். நாம பேசி வெச்ச மாதிரியே ஆடு" என்று சொல்லி, கலைந்திருந்த என் முடியை இறுக்கிப் பின்னிவிட்டாள்.

நாங்கள் பேசி வைத்தது இதுதான். என் எடையில் எனக்கு எதிராளி ஒருத்திதான்; ஆரம்பத்தில் பாய்கிறவள், பிறகு மூச்சு வாங்குகிறவள். அதனால் முதல் ரவுண்டை அவளுக்கே கொடுத்துவிட்டு, ரொம்ப மல்லுக்கட்டாமல் தெம்பை மிச்சம் பிடித்து, பின்னால் வரும் இரண்டையும் நாம் எடுத்துக்கொள்வது. அப்படியே செய்தேன். அவள் காலைப் பிடித்தாள், விட்டேன். சுருட்டினாள், சுருண்டேன். ஆறுக்குப் பூஜ்யம். இடைவேளையில் அண்ணி முகத்தைத் துடைத்துவிட்டு, "போனது போச்சு, அது கணக்குல வராது" என்றாள். மேசைமேல் அட்டையில் எண்களைப் புரட்டிக்கொண்டிருந்தவர் அந்த ஆறை மாற்றவேயில்லை. நான் அதைக் கவனித்தேன், கையைக் காட்டிக் கேட்கவும் செய்தேன். "மறந்துட்டானுங்கமே. நீ மேட்டப் பாரு" என்றாள். நான் மேட்டைப் பார்த்தேன்.

இரண்டாவது ரவுண்டில் எதிராளிக்கு நிஜமாகவே மூச்சு முட்டியது. இரண்டு முறை காலைப் பிடித்துச் சாய்த்தேன். ஒரு முறை வட்டத்துக்கு வெளியே தள்ளினேன். ஐந்து பாயிண்ட். கடைசியில் மறுபடியும் அவளை ஓரத்துக்கே கொண்டுபோய்விட்டேன். ஒரு காலை அவள் கோட்டுக்குப் பின்னால் வைக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது அண்ணியின் குரல் வந்தது. "போதும், வுடுமே! மூச்ச வெச்சிக்கோ!" நான் தள்ளவில்லை. கைகளைத் தளர்த்திக்கொண்டு நின்றேன். தோற்கப்போகிறவள் எதற்கு இவ்வளவு ஆசையாக மேசைக் கடிகாரத்தைப் பார்க்கிறாள் என்று மட்டும் தோன்றியது. விசில் அடித்தார்கள்.

ஆறுக்கு ஐந்து. இரண்டு ரவுண்டு பாயிண்டையும் கூட்டித்தான் முடிவு, மூன்றாவது என்று ஒன்று கிடையவே கிடையாது என்பதை நடுவர் எனக்குப் பொறுமையாகவே சொன்னார். நல்ல மனிதர். நான் நம்பாமல் நின்றதைப் பார்த்து, "காலைல எல்லாருக்கும் சொன்னமேம்மா. உங்க அக்காகூட எழுந்து நின்னு கேட்டாங்களே, மொத ரவுண்டு பாயிண்டும் சேருமா, மூணாவது ரவுண்டு கிடையாதான்னு. ரெண்டு வாட்டி கேட்டாங்க" என்றார். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்று சொல்கிறார்களே, அது கதையில் வில்லன்கள் செய்கிற காரியம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். முடியைப் பின்னிவிட்ட கையும் செய்யும் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை வழக்கம்போல ஏரியில் இறங்கினோம். பக்கத்தில் பக்கத்தில்தான் குந்தியிருந்தோம். நான் பறியை மிதக்கவிட்டுவிட்டுக் கேட்டேன், ஏன் என்று. அவள் சேற்றிலிருந்து கையை எடுக்கவில்லை.

"மாடிக்குப் போற வரைக்கும் உன்ன ஜெயிக்க வெக்கணும்னுதான் இருந்தேன். உனுக்காகத்தான் எழுந்து கேட்டேன். படி எறங்கி வரசொல்லோ தோணிச்சு, இவ போய்ட்டா உங்க அண்ணன் கைய யார் புடிப்பாங்கன்னு."

"நீயே புடிக்கலாமே அண்ணி. என்னவிட உனுக்குத்தான நல்லா தெரியும்?"

"நீ புடிச்சா தங்கச்சி பாசம்னுவாங்க. நான் புடிச்சா? புருசன அடிச்சவன்னு என்ன இந்த ஊர்ல வெச்சிருப்பாங்களா?"

அவள் சொன்னது உண்மை. அண்ணனைப் போல இரண்டு பேரைத் தூக்கி மணலில் போடக்கூடியவள், அவன் முன்னால் கையைக் கட்டிக்கொண்டு அடி வாங்கினாள். எனக்கு அது தெரியும், புரியும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் என்னவெல்லாம் செய்திருப்பேனோ. ஆனால் ஆத்திரம் அடங்கவில்லை, இன்றுவரை அடங்கவில்லை. "போகாதே" என்று அவள் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் போகாமலே இருந்திருப்பேன், அநேகமாக. அப்போது அது நான் அவளுக்குக் கொடுத்ததாக இருந்திருக்கும். கேட்டிருந்தால் கொடுத்திருக்கக்கூடியதை, என்னை முட்டாளாக நிறுத்தி, ஊர் சிரிக்க எடுத்துக்கொண்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அதன்பிறகு அண்ணன் கையை நான் பிடிக்காமல் இல்லை. எப்போதும்போலப் பிடித்தேன். கல்லறைச் சுவர்ப் பக்கம் மட்டும் நாங்கள் இருவரும் போகவேயில்லை.

அண்ணன் போய்ச் சேர்ந்து வருடங்களாகின்றன. நான் தபால் வழியில் படித்து, பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் வேலை பார்க்கிறேன். விதி எப்போது மாறியது என்று பார்ப்பதில் நான் கெட்டி என்று அவர் மெச்சிக்கொள்வார், காரணம் கேட்டதில்லை. வீட்டில் இப்போது அண்ணியும் நானும் மட்டும்தான். சண்டை கிடையாது. எனக்குக் காய்ச்சல் என்றால் அவள் தூங்குவதில்லை, அவளுக்கு முட்டி வலித்தால் நான் தைலம் தேய்த்துவிடுகிறேன். புதிதாகப் பார்ப்பவர்கள் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைக்கிறார்கள்.

காலையில் நான் துணி துவைத்துக் கொடிப் பக்கம் போகும்போது, அடுப்படியிலிருந்து, "மழ வராதுமே, போடு" என்பாள். ஏரியில் பாதி ஆயுசைக் கழித்தவள். வானத்தை அவள் தப்பாகச் சொன்னதே இல்லை. நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு, தெருவுக்குப் போய், கிழக்கே நன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு வந்துதான் துணியை உதறுகிறேன். ஜன்னல் வழியாக அவள் அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் கேட்கமாட்டாள். மறுநாளும் சொல்வாள்.