சிஸ்டர் ஊற்றியது ஆறு குவளை

மரகதம் சிஸ்டர் இறந்துவிட்டார் என்று சேலத்திலிருந்து அவருடைய தம்பி போன் செய்தபோது, காரின் அடியில் விரிப்பதற்குப் பழைய சாக்கு தேடிக்கொண்டிருந்தேன். அது வெள்ளிக்கிழமை காலை. தம்பி வீட்டுக்குப் போயிருந்த சிஸ்டர் ஞாயிற்றுக்கிழமை திரும்பியதும் கியர் ஆயில் மாற்றுவதாக இருந்தோம். "அக்கா தூக்கத்துலயே போயிருச்சுங்க டீச்சர்" என்றார். "சரிங்க" என்று சொல்லிப் போனை வைத்தேன். சரிங்க என்று சொல்லக்கூடிய செய்தியா அது? 

எங்கள் மலையில் நாகலூரிலும் கொட்டச்சேட்டிலும் அவரை அறியாத வீடு இல்லை. முப்பது வருஷம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். ஓய்வு பெற்ற பிறகும், டாக்டர் கொடுத்த மருந்தையும் காய்ச்சல் குழந்தையையும் தூக்கிக்கொண்டு ஊர்க்காரர்களான நீங்கள் போனது அவர் வாசலுக்குத்தான். அளந்து, ஊட்டியும் காட்டி அனுப்புவார். நான் பக்கத்து வீடு. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். அவரும் தனி, நானும் தனி. காரணமே இல்லாமல் என் கதவைத் தட்டிய ஒரே ஆள் அவர்.

என் இடது கால் சிறு வயதிலிருந்தே பலமில்லாதது. கிளட்ச் மிதிக்க முடியாது என்பதால் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கினேன். அது நின்றுபோனால் நான் வீட்டோடு கிடக்க வேண்டியதுதான். மூன்று வருஷத்துக்கு முன்னால் கியர் மாறும்போதெல்லாம் வண்டி உதறத் தொடங்கியது. சேலத்து ஒர்க்‌ஷாப்பில் இரண்டு நாள் விட்டுப் போகச் சொன்னார்கள்.

"ஏனுங்க, ஆயில் மாத்தறதுதானுங்களே? நம்ம ஊட்லயே மாத்திப் போடலாம்" என்றார் சிஸ்டர்.

"உங்களுக்கு என்ன தெரியும்?" என்று சீறினேன்.

"வெளிய எவ்வளவு வருதோ அவ்வளவு உள்ள போகோணும். முப்பது வருசமா நோயாளி சார்ட்டுல நான் எழுதுனது அதைத்தானுங்க."

வண்டியோடு வந்த புத்தகத்தை ஒரு வாரம் படித்தார். கடைக்காரர் வேறு எதையோ தலையில் கட்டப் பார்த்தும், அதில் சொன்ன ஆயிலைத் தவிர எதையும் வாங்கவில்லை. வண்டி மட்டமான தரையில் நிற்க வேண்டும் என்றார். இந்த மலையில் மட்டமான தரைக்கு எங்கே போவது? எங்கள் காப்பிக் களத்தைக் காட்டினேன். அவர் ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றிக் களத்தில் வைத்தார். தண்ணீர் ஒரு பக்கமாக ஒதுங்கியது. மழைத் தண்ணீர் வடியட்டும் என்று களத்தைச் சரிவாகத்தான் போடுவார்கள். பிறந்ததிலிருந்து அங்கே காப்பி காயப்போட்ட எனக்கு அது உறைக்கவில்லை. "நீங்க கணக்கு டீச்சருங்களா?" என்று சிரித்துவிட்டு, தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்குப் பலகை கொடுத்தார்.

அடியில் படுத்து நான் முதலில் கைவைத்ததே தப்பான திருகில். கையைத் தட்டிவிட்டார். "அது இஞ்சின் ஆயிலுங்க! அதத் தொறந்து உட்டுட்டு கியருக்கு ஊத்துனா ரெண்டும் போச்சு." சரியான திருகைத் திறந்ததும் டிக்காக்‌ஷன் நிறத்தில் ஆயில் இறங்கியது. அரை லிட்டர் குவளையால் அளந்தார், ஆறு. புதுசும் ஆறு குவளை ஊற்றினார். வண்டியைச் சூடாக்கி, பிரேக்கை மிதித்துக்கொண்டு நான் ஒவ்வொரு கியராக மாற்ற, ஓடும் இன்ஜினில் அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தார். சரியாகக் கோட்டில் நின்றது. "இதுக்கு மேல ஒரு சொட்டு வேண்டாமுங்க. நீங்க தொடவே கூடாது" என்றார்.

மறுநாள் காலை தொட்டேன். வண்டி என் வீட்டு வாசல் சரிவில் நின்றது, இன்ஜினை அப்போதுதான் கிளப்பியிருந்தேன், சூடாகவில்லை. கம்பியில் ஆயில் கோட்டுக்கு வெகு கீழே தெரிந்தது. சூட்டில்தான் ஆயில் ஏறிக் கோட்டுக்கு வரும், சரிவில் பார்த்தால் அளவு பொய்யாகும் என்றெல்லாம் முந்தின நாள்தான் சொல்லியிருந்தார். என் புத்தி கேட்டால்தானே! மீதியிருந்த ஆயிலிலிருந்து இன்னொரு குவளை ஊற்றி மூடினேன். அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இருவரும் சேலத்துக்கு இறங்கினோம். கொண்டை ஊசி வளைவு ஒன்றில் இன்ஜின் இரைந்தது. கியர் பிடிக்காமல் வண்டி தன்பாட்டுக்கு உருண்டது. முன்னால் புகை. எப்படியோ பிரேக் போட்டு ஓரங்கட்டினேன். சிஸ்டர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்தார். கீழிருந்து வந்த மெக்கானிக் பார்த்துவிட்டு, "எப்புடியும் அரை லிட்டர் அதிகமுங்க. நொரச்சு வெளிய தள்ளிருச்சு. யாரு ஊத்துனது?" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் சிஸ்டர், "நாந்தானுங்க. ஆறுன்னு நெனச்சு ஏழு ஊத்திட்டனாட்ட இருக்குது, கம்பியையும் செரியாப் பாக்கல. என் தப்பு" என்றார். திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

டீக்கடையில் ஒரு மாதம் அதுவே பேச்சு. "நர்ஸம்மா காருக்கு டானிக்க ஜாஸ்தியா குடுத்துட்டாங்க" என்று சிரித்தார்கள். அவரும் கூடவே சிரித்தார். ஆனால் சேலத்துக்குப் போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்தார். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார்கள். "அப்ப என் கைக்குத்தான் கோளாறுங்களா டீச்சர்?" என்று என்னைக் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றேன். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? வெட்கம் விடவில்லை. அந்த வருஷத்திலிருந்துதான் அவர் குழந்தைகளுக்கு மருந்து அளப்பதை நிறுத்தினார். வந்தவர்களை ஆஸ்பத்திரிக்கே அனுப்பினார். வயதாகிவிட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டீர்கள்.

தம்பி வீட்டுக்குக் கிளம்பும்போது, "இந்தத் தடவ நீங்களே அளந்துருங்க. என் கைய நான் நம்பறதில்லீங்க" என்றார். ஞாயிற்றுக்கிழமை, காரைத் தொடுவதற்கு முன்பே சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

சேலத்தில் அவரைக் கிடத்தியிருந்த இடத்தில் தம்பி வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கை தடுமாறுதுன்னு அக்கா நொம்ப வருத்தப்பட்டுச்சுங்க." எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் பேசாமல் நின்றேன். அங்கேயும்!

போன வாரம் நானே ஆயிலை மாற்றினேன். அவர் செய்த வரிசையிலேயே செய்தேன். கியரை மாற்றிவிட்டு இறங்கி, காலை இழுத்துக்கொண்டு முன்பக்கம் போய்க் கம்பியைப் பார்த்தேன். ஆறு வந்தது, ஆறு போனது, கோட்டில் நின்றது. கூப்பிட்டுச் சொல்ல ஆள் இல்லை. களத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது, என்னால் அவர் சுமந்த ஒரு பழி. அவர் இருக்கும்போது இறக்கி வைத்திருக்க வேண்டும். எனக்கு வாய் வரவில்லை. கடைசிக் காலத்தில் சிஸ்டருக்குக் கை தடுமாறியது என்று யாராவது உங்களிடம் சொன்னால், இல்லை, அது பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் செய்த வேலை என்று சொல்லுங்கள்.