இடது பக்கம் கொஞ்சம் மந்தம்

உசத்தியான ஹெட்ஃபோன் ஒன்று வாங்கப்போகிறேன் என்று சொன்னதும் என் மனைவி கேட்டது ஒரே கேள்விதான். "இன்னாத்துக்கு?"

பாட்டுக் கேட்க என்றேன். "இப்ப மட்டும் இன்னா, பாட்ட மோந்து பாத்துக்கினா கீற?" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போய்விட்டாள். அப்போது மணி காலை ஒன்பது. அவள் நைட் ஷிஃப்ட் முடித்து வந்திருந்தாள். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு கம்பெனியில் செல்போன் பாகங்களை லென்ஸ் வைத்துப் பார்த்து, இது ஓகே, இது ரிஜெக்ட் என்று பிரிப்பது அவள் வேலை. வீட்டுக்கு வந்தும் அந்தப் பார்வையைக் கழற்றி வைக்க மாட்டாள்.

எனக்கு வேண்டியது குளோஸ்டு பேக். காதை முழுக்க மூடி, பின்பக்கமும் அடைத்திருக்கும் வகை. பின்பக்கம் திறந்த வகையில்தான் சங்கீதம் மூச்சு விடும் என்று இணையத்தில் ஒரு கூட்டம் சத்தியம் செய்கிறது. அந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்கும் பகலில் தூங்கும் பெண்டாட்டி கிடையாது என்று நினைக்கிறேன். படப்பையில் எங்கள் வீடு ஒரு ஹால், ஒரு படுக்கையறை. நடுவில் ஒரு கதவு. மழைக்காலத்தில் அது மூடாது, வெயில் காலத்தில் திறக்காது. ஹாலில் நான் கேட்கும் பாட்டு அவள் கனவுக்குள் போனால், அன்றைக்குச் சோறு கிடையாது.

வீட்டுக்கு மட்டும் போதாது, கம்பெனி பஸ்ஸுக்கும் வேண்டும். பஸ்ஸில் டிரைவர் ஒரு பக்கம் பாட்டுப் போடுவார், பின் சீட்டில் குறட்டை ஒரு பக்கம் ஓடும். ஆக, வீட்டுக்கும் ரோட்டுக்கும் சேர்த்து ஒன்று. விலையைச் சொல்ல மாட்டேன். அவள் இதைப் படிக்கக்கூடும்.

இதில் எனக்கு ஒரு கர்வமும் இருந்தது. ஒரகடத்தில் ஒரு பிரஸ் ஷாப்பில் எனக்குப் பராமரிப்பு வேலை. இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடித்துக் கார் கதவாக்கும் இடம் அது. ஒவ்வொரு அடிக்கும் தரை ஒருமுறை எழுந்து உட்காரும். அந்தக் கூச்சலுக்கு நடுவில், மிஷின் படுப்பதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அதன் சத்தத்தில் இருக்கும் நோயைச் சொல்லிவிடுவேன். அதிர்வு பார்க்கிற கருவியோடு வந்த என்ஜினியர் ஒயரைப் பிரித்து முடிப்பதற்குள் "பேரிங் சார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனவன் நான். எங்கள் ஷாப்பில் ஏதாவது வினோதமாகக் கத்தினால் "காதைக் கூப்பிடு" என்பார்கள். கூப்பிட்டால் போவேன். எனக்கென்று சொத்து எதுவும் இல்லை, அந்தக் காதுதான் சொத்து.

அதைக் காப்பாற்றுவதற்குக் கம்பெனி ஒரே கயிற்றில் கோத்த இரண்டு மஞ்சள் பஞ்சு அடைப்பான் கொடுக்கும். இரண்டு காதிலும் வைக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வழக்கம் வேறு. வலது காதில் மட்டும் வைப்போம். பேனலைப் பார்த்து நின்றால் பிரஸ் இடது கைப் பக்கம் வரும், அதனால் இடது காது திறந்தே இருக்கும். வலது காது கம்பெனிக்கு, இடது காது மிஷினுக்கு என்று பேச்சு. சேஃப்டி ஆபீசர் தலை தெரிந்தால் கழுத்தில் தொங்குவது இடது காதுக்குள் போகும், அவர் முதுகு தெரிந்தால் வெளியே வரும். இரண்டிலும் வைத்துக்கொண்டு வருகிற புது ஆளைப் பார்த்தால், "அப்டியே மூக்குலயும் வெச்சிக்கோ, தூக்கினு போறதுக்கு வசதியா இருக்கும்" என்று சொல்வேன். நன்றாகச் சிரிப்பார்கள். மறுநாள் அந்த ஆள் ஒன்றைக் கழற்றியிருப்பான்.

வருஷத்துக்கு ஒருமுறை காது பரிசோதனை வேன் வரும். உள்ளே ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி வைத்த சின்ன அறை. ஹெட்ஃபோன் மாட்டி உட்கார்ந்து, பீப் கேட்டால் பட்டனை அழுத்த வேண்டும். வெளியே சோதனை செய்கிற பெண் ஒவ்வொரு தடவை பீப் அனுப்பும்போதும் அவள் தோள் லேசாக இறங்கும். "தோளப் பாத்து அழுத்து" என்பது வரிசையில் நிற்பவர்களுக்கு முன்னால் போனவர்கள் கொடுக்கும் தகவல். எனக்கு வருஷா வருஷம் நார்மல். இதை ஏமாற்று என்று ஒருவரும் நினைத்ததில்லை. அவசர வேலை காத்திருக்கும்போது பீப் கேட்டுக்கொண்டு உட்கார யாருக்கு நேரம்?

ஹெட்ஃபோனுக்கு வருகிறேன். மூன்று மாதம் விமர்சனம் படித்தேன். இந்த விமர்சனக்காரர்கள் எதை வைத்து எழுதுகிறார்கள் என்று தெரியவில்லை. பேஸ் என்கிற அடிச்சத்தம் வெண்ணெயாக வழிகிறதாம். வீணைக்காரர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாராம். கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று மரக் கப் வைத்தது. ஒயர் போட்டது, கனமானது, கூடவே சத்தத்தைப் பெருக்க ஒரு ஆம்ப் பெட்டியும் வேண்டும். பஸ்ஸில் இதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் விமானம் ஓட்டுகிறவன் என்று நினைப்பார்கள். மற்றது மடித்துப் பையில் போடலாம், எடை குறைவு, போனிலேயே பாடும். மரம் வீட்டுக்கு, மடக்கி ரோட்டுக்கு. இரண்டும் வாங்க வக்கில்லை, ஒன்றுதான்.

சென்னையில் ஒரு கடைக்காரர் இரண்டையும் ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கக் கொடுத்தார். தாம்பரத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் அவற்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். மணிமங்கலம் தாண்டுகிற வரை பக்கத்தில் இருந்த அம்மா பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தார். "மிக்ஸியா?" என்றார். ஆமாம் என்றேன்.

சோதனைக்கு ஒரு பழைய சினிமாப் பாட்டை வைத்துக்கொண்டேன். இருபது வருஷமாகக் கேட்கிற பாட்டு. தொடக்கத்தில் வலது பக்கம் வயலின், இடது பக்கம் சலங்கை. மரத்தை மாட்டினேன். வயலின் வந்தது, ஐயோ, வில் கம்பியில் உரசுவது வரை வந்தது. சலங்கை வரவில்லை. இடது பக்கம் யாரோ போர்வைக்குள் உட்கார்ந்து எதையோ தட்டுகிற மாதிரி இருந்தது.

கடைக்காரருக்கு போன் செய்தேன். "சார், லெஃப்ட் டல்லடிக்குது." மனிதர் நல்லவர், வேறு பீஸ் அனுப்பினார். அதிலும் இடது மந்தம். மடக்கியை எடுத்தேன். அதிலும் இடது மந்தம். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. இத்தனை விலை வாங்கிக்கொண்டு இரண்டு பக்கமும் ஒரே அளவில் பாடவைக்கத் தெரியாதவர்களா? எங்கள் ஷாப்பிலிருந்து ரிஜெக்டுக்குக் கட்டுகிற சிவப்பு அட்டை கொண்டுவந்து மூன்றிலும் கட்டினேன். பிறகு இணையத்தில் ஆறு பத்தி எழுதினேன். 'பதினெட்டு வருடங்கள் ஒலியோடு வாழ்ந்தவன் என்ற முறையில்' என்று தொடங்கும். நாற்பது பேர் சண்டைக்கு வந்தார்கள். நாற்பது பேருக்கும் பதில் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டு பேருக்கும் லீவு. அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் மரத்தை மாட்டிக்கொண்டு நாற்பத்தோராவது ஆளுக்குப் பதில் அடித்துக்கொண்டே கத்திக்கொண்டிருந்தேன்.

"மாத்திப் போட்டுப் பாத்தியா?" என்றாள்.

"இன்னாத்த மாத்தி?"

"லெஃப்ட்ட ரைட்டுல. எங்க லைன்ல ஒரு பீஸு ரிஜெக்ட்டுன்னு மிஷின் காட்டுச்சின்னா, மொதல்ல வேற மிஷின்ல வெச்சிப் பாப்போம். அங்கயும் காட்டுனா பீஸு கெட்டது. காட்டலன்னா மிஷினு கெட்டது."

இது எனக்குத் தெரியாததா? சென்சார் கோளாறு என்றால் இரண்டு சென்சாரையும் இடம் மாற்று, கோளாறு சென்சாரோடு போனால் சென்சாரை மாற்று, இருந்த இடத்திலேயே நின்றால் மிஷினைப் பார். ஷாப்பில் தினம் இதைத்தான் செய்கிறேன். இந்த ஒரு வாரமாக மட்டும் அது என் தலையில் உதிக்கவேயில்லை.

பூண்டு நாற்றக் கையோடு எழுந்து வந்து, அவளே என் தலையிலிருந்து கழற்றித் திருப்பி மாட்டினாள்.

வலது காதில் சலங்கை கொட்டியது. அத்தனை மணியும் தனித்தனியாக, கடைசியில் ஒன்று மட்டும் லேட்டாக விழுவது உட்பட. இத்தனை நாளாக இல்லை என்று நான் ஊரெல்லாம் சொன்ன சலங்கை. இடது காதில் வயலின் போர்வையை இழுத்து மூடிக்கொண்டது. கோளாறு இடம் மாறவில்லை, இடது பக்கமே நின்றது.

"இன்னா ஆச்சி?" என்றாள்.

"பேட்டரி தீந்துடுச்சி."

"ஒயரு போட்டதுக்கு இன்னாய்யா பேட்டரி?"

அவள் மூன்றிலிருந்தும் சிவப்பு அட்டைகளை அவிழ்த்து என் கையில் கொடுத்துவிட்டுப் பூண்டு உரிக்கப் போனாள். பயந்துபோயிருந்தேன், வேறொன்றுமில்லை.

அடுத்த நாள் சளி என்று ஆவி பிடித்தேன். அதற்கடுத்த நாள் அழுக்கு என்று படப்பையில் ஒரு டாக்டரிடம் போனேன். உள்ளே லைட் அடித்துப் பார்த்து, கழுவி வைத்த டம்ளர் மாதிரி இருக்கிறது என்றார். யோசித்துப் பார்த்தால் போனை வலது காதில்தான் வைக்கிறேன். பஸ்ஸில் இடது ஜன்னலோரம்தான் உட்காருகிறேன், பேசுகிறவர்கள் வலது பக்கம் வரும்படி. காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே வேன் வந்தது. கண்ணாடி அறையில் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போடச் சொன்னேன். சோதனை செய்கிற பெண்ணுக்குத் தெற்கே ஊர். "எதுக்குண்ணே?" என்றாள். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்றேன்.

வலது காதில் பீப் வந்தது, அழுத்தினேன். வரிசையாக அழுத்தினேன். பிறகு இடது காது. இரண்டு மூன்று வந்தன. அப்புறம் நின்றுவிட்டது. ஏதோ எழுதுகிறாள் என்று நினைத்தேன். சுவரில் ஒரு ஆணி இருந்தது, அதையே பார்த்துக்கொண்டு காத்திருந்தேன். கதவு திறந்தது.

"அண்ணே, உறங்கிட்டியளா?"

"நீ நிறுத்திட்டியேம்மா."

"நான் எங்கண்ணே நிறுத்துனேன்?" என்றாள். பிறகு மெல்ல, "அவ்ளோதாண்ணே, முடிஞ்சிட்டு, வாங்க" என்றாள்.

கம்பெனி டாக்டரம்மா பழைய காகிதத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். போன வருஷம் நார்மலாக இருந்தது இந்த வருஷம் இப்படி விழாதே என்றார். தோள் கதையைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். உயர்ந்த சுருதிச் சத்தங்கள் இடது காதில் போய்விட்டன, போனது போனதுதான், இருப்பதை வைத்துக்கொள்ளப் பார் என்றார். அன்றைக்கே எல்லாருக்கும் நாற்காலி சுவர்ப் பக்கம் திரும்பியது. வரிசையில் நின்றவர்கள் என்னைத் திட்டியது வலது காதில் தெளிவாக விழுந்தது.

நான் பெருமையடித்த காது போய்விட்டது. கம்பெனிக்குப் பயந்து அடைத்து வைத்த காது நன்றாக இருக்கிறது. இதற்கு யார்மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தேன். ஆள் கிடைக்கவில்லை. இப்போது இரண்டு பக்கமும் மஞ்சள் பஞ்சோடு நிற்கிறேன். மூக்கிலும் வைத்துக்கொள் என்று எவனோ சொன்னான். அது என்னுடைய ஜோக், சிரிக்காமல் என்ன செய்வது?

மரமா மடக்கியா என்பது அரை நிமிஷத்தில் தீர்ந்தது. மடக்கியின் பேடுகள் காதின் வடிவத்துக்கு வெட்டியவை, பின்பக்கம் தடித்தும் முன்பக்கம் மெலிந்தும் இருக்கும். திருப்பி மாட்டினால் தாடையில் இடிக்கும், இடுக்கு விழும். மரத்தின் பேடுகள் இட்லி மாதிரி வட்டம். எப்படித் திருப்பினாலும் உட்காரும். பஸ்ஸில் பாட்டு வேண்டாம் என்று விட்டுவிட்டேன். என்ஜின் இரைச்சலை மீறி வைக்கிற வால்யூமுக்குப் பலி கொடுக்க என்னிடம் மீதி இருப்பது ஒரே காது.

ஆறு பத்தியையும் அழித்தேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன். எதனால் மரத்தை எடுத்தீர்கள், ஒலி விரிவா, பேஸா என்று ஆர்வமாகக் கேட்டார். "பேடு வட்டமா இருக்கு சார்" என்றேன். சிறிது யோசித்து, "கரெக்ட் சார், நிறைய பேர் அதை கவனிக்கிறதில்ல" என்றார்.

இப்போது ஒவ்வொரு பாட்டையும் இரண்டு தடவை கேட்கிறேன். ஒரு தடவை நேராக, அப்போது வயலின். ஒரு தடவை திருப்பி மாட்டி, அப்போது சலங்கை. போன வாரம் அவள் எழுந்து வந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது, நான் இப்படித் திருப்பித் திருப்பி மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழற்றி அவள் தலையில் மாட்டி, அந்தப் பாட்டைத் தொடக்கத்திலிருந்து வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டாள்.

"ரெண்டும் கேக்குதா?"

"ம்."

"ஒண்ணாவா? ஒண்ணா இருந்தா எப்டி கீது?"

முழுசாகக் கேட்டுவிட்டுத்தான் கண்ணைத் திறந்தாள்.

"அது ஒண்ணு சொல்லுது, இது ஒண்ணு சொல்லுது. நம்மள மாரி சண்ட போட்டுக்கினு கீது" என்றாள். டீயை எடுத்துக்கொண்டு எழுந்து வந்து, என் வலது பக்கமாக உட்கார்ந்தாள்.