துண்டுக்கு அடியில் கூச்சம்

எங்கள் மாவட்டத்தில் ஒரு குடும்பத்தின் நிலவரம் தெரிய வாசலில் கட்டியிருக்கும் மாட்டைப் பார்த்தால் போதும். பள்ளிக் கட்டணம், பைக் தவணை, கல்யாண மொய் எல்லாமே சொசைட்டியில் ஊற்றும் பாலில்தான் ஓடுகின்றன. அப்படிப்பட்ட ஊரில், எங்கள் பழைய பசு பால் வற்றிய பிறகு, நான் பாக்கெட் பாலைச் சட்டைக்குள் ஒளித்து வாங்கி வந்துகொண்டிருந்தேன். தெருவில் சிரித்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி என் மனைவிக்கு அலுத்துவிட்டது. ஒரு நாள் எங்கள் ஊரான இண்டூரிலிருந்து அரூர்ப் பக்கம் உள்ள மாட்டுச் சந்தைக்கு என்னை ஓட்டிக்கொண்டு போனாள்.

அங்கே ஒரு செவலைப் பசு அவளுக்குப் பிடித்துப்போனது. சுழி பார்த்தாள், மடியைத் தடவினாள். மாடு அவள் தோளை நக்கியது. "இது இல்லாம நான் வூட்டுக்கு வரமாட்டேன், பாத்துக்குங்க" என்றாள்.

நானும் என் பங்குக்கு மாட்டின் வாயைத் திறந்து பார்த்து, மேலே முன்பல்லே இல்லையே என்று கவலைப்பட்டேன். எந்த மாட்டுக்கும் அங்கே பல் கிடையாதாம். மாட்டுக்காரப் பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மாடு கூட அப்படித்தான் பார்த்தது.

பிறகு தரகர் வந்தார். எங்கள் சந்தைகளில் விலையை வாயால் சொல்லும் வழக்கமில்லை. தரகர் தன் துண்டை நம் கைமேல் போர்த்தி, அடியில் விரல்களைப் பிடிப்பார். எத்தனை விரல், எப்படிப் பிடிக்கிறார் என்பதில்தான் விலை இருக்கிறது. எனக்கோ உள்ளங்கையில் ஈ உட்கார்ந்தாலே உடம்பு நெளியும். அவர் என் நடுவிரலைத் தொட்டார், நான் சிரித்துவிட்டேன். அடக்கினேன். மோதிர விரலுக்கு வந்தார். பக்கத்தில் நின்ற கன்றுக்குட்டி மிரண்டு ஓடும் அளவுக்குச் சிரித்தேன்.

பெரியவர் முகம் கறுத்துவிட்டது. தான் கேட்ட விலையை நான் கேலி செய்கிறேன் என்று நினைத்துவிட்டார். "எங்க வூட்டுப் பொண்ணாட்டம் வளத்த மாடுங்க இது. இளிக்கிறவங்களுக்கு இல்ல" என்று சொல்லிக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

கூச்சம்தான் காரணம் என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. விலையை வாய்விட்டுச் சொல்லிவிடுங்களேன் என்று என் மனைவி கேட்டாள். சந்தை மொத்தமும் கேட்டுவிடும் என்று தரகர் மறுத்தார். சரியென்று அவளே கையை நீட்டினாள். ஊரார் கையையெல்லாம் பிடித்துப் பழகிய அந்த மனிதர் வெட்கப்பட்டு இரண்டடி பின்னால் போய்விட்டார். கடைசியில், பெரியவரிடம் கெஞ்சி எனக்கு இன்னொரு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார்.

துண்டு மறுபடி என் கைமேல் விழுந்தது. என் மனைவி எனக்குப் பின்னால் வந்து நின்று, "சிரிச்சுப் பாருங்க" என்று காதோரம் சொன்னாள். சொல்லிவிட்டு என் இடுப்புச் சதையை இரண்டு விரலால் பிடித்துத் திருகினாள்.

சிரிப்பு வரவே இல்லை. கண்ணில் தண்ணீர் பொங்கி வந்தது. தரகர் எந்த விரலைப் பிடித்தார், எதற்குத் தலையாட்டினேன் என்பதெல்லாம் எனக்கு இன்றுவரை தெரியாது.

பெரியவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் இளகிவிட்டது. "அழுவாதீங்க தம்பி. மாட்டு மேல இத்தன ஆசை வெச்சிருக்கறவர நான் தப்பா நெனச்சுட்டேன்" என்றார். தரகரைக் கூப்பிட்டு, விலையில் இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, என் மனைவியிடம் திரும்பி, "இவரு எப்பவுமே இப்படித்தானா, அம்மிணி?" என்று கேட்டார்.

"மாடுன்னா அவருக்கு உசுருங்க" என்றாள் அவள், முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லாமல்.

பெரியவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றை என் கையில் கொடுத்தார். மாடு எங்களுடையதாகிவிட்டது. ஆனால் அது வண்டியில் ஏறி, பின்கதவு சாத்தும்வரை என் மனைவி என் இடுப்பிலிருந்து விரலை எடுக்கவில்லை. ஏன் என்று கேட்டால், பெரியவர் இன்னும் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.