கோட்டைக் காவலன் பார்க்காத திருட்டு

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் இருந்தது. பிளைவுட் பலகை வைத்துத் தடுத்த சின்னச் சின்ன அறைகள். கூட்ஸ் வண்டி போனால் பலகையெல்லாம் அதிரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே மூன்று கம்ப்யூட்டர்கள் எங்களுக்குத்தான். ஒன்றில் என் அக்கா, அதாவது உங்கள் அத்தை. ஒன்றில் அம்மாவின் தம்பி, துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய எங்கள் மாமா. நடுவில் நான்.

நாங்கள் ஆடியது கதை விளையாட்டு. நீங்கள் ஆடுவதுபோல அதில் படமெல்லாம் கிடையாது. எங்கெங்கோ இருக்கிற தமிழ் ஆட்கள் இணையத்தில் கூடி, ஆளுக்கொரு வேடம் எடுத்து, அந்த வேடம் என்ன பேசுகிறது, என்ன செய்கிறது என்று தட்டிக்கொண்டே போவோம். அக்கா அந்தக் கதை ஊருக்கு நீதிபதி. மாமா முத்து வியாபாரி. அந்த வேடத்தை ஒரு வருஷமாக வளர்த்து, கடை, படகு என்று பெரிய ஆளாகியிருந்தார். நான் கோட்டை வடக்கு வாசல் காவல்காரன். வேடத்தை விட்டு நாமாகப் பேச வேண்டுமென்றால் இரட்டை அடைப்புக்குறிக்குள் எழுத வேண்டும். அதுதான் அங்கே சட்டம்.

ஒரு ஞாயிறு ராஜாவின் மோதிரம் காணாமல் போனது. கண்டுபிடிக்கிற காவல்காரனுக்குத் தளபதி பதவி. திருடனை ஊரைவிட்டே விலக்கிவிடுவார்கள். அந்த வேடம் அத்தோடு போச்சு. தளபதி ஆக வேண்டும் என்று எனக்குக் கொள்ளை ஆசை.

தண்ணீர் குடிக்க எழுந்தவன் பலகைக்கு மேலே எட்டிப் பார்த்தேன். விளையாட்டை நடத்துபவர் மாமாவுக்கு மட்டும் அனுப்பிய வரி திரையில் இருந்தது: மோதிரம் இப்போது உன் இடுப்புப் பையில். நான் ஓடிவந்து உட்கார்ந்து, முத்து வியாபாரிதான் திருடன், இடுப்பைச் சோதியுங்கள் என்று தட்டினேன்.

சபை கூடியது. ஊரே வியாபாரியைக் கட்டச் சொன்னது. காவலரே, அதை எங்கே நின்று பார்த்தீர் என்று நீதிபதி எழுதினாள். நான் தட்டுவதை விட்டுவிட்டு வாயாலேயே சொன்னேன்.

"அக்கா, நான் கண்ணால பாத்தேன்."

"பாத்தது நீ. உன் காவக்காரன் எங்கடா பாத்தான்? அவன் வடக்கு வாசல்ல நின்னுகினு இருந்தான்."

"அப்போ மாமா எடுக்கலன்றியா?"

"அத நான் சொல்லல. உன் ஆளுக்குத் தெரியாதுன்றேன்."

அந்தப் பக்கம் மாமா சிரித்தார். "இன்னா மாப்ள, என் பொட்டியில எட்டிப் பாக்குறியா? கலீஜா கீதுடா உன் வேல."

அக்கா அத்தோடு விடவில்லை. இரட்டை அடைப்புக்குள் எல்லோருக்கும் எழுதினாள்: காவல்காரன் என் தம்பி, வியாபாரி என் மாமா, மூன்று பேரும் ஒரே கடையில் உட்கார்ந்திருக்கிறோம், வேறு நீதிபதி வேண்டுமானால் சொல்லுங்கள். எழுதாமல் இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது.  பிறகு யாரோ, நீங்களே இருங்கள் என்றார்கள். சாட்சி செல்லாது என்று வியாபாரியை விட்டுவிட்டாள். அப்படி ஒரு அத்தை உங்களுக்கு. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்தான். அவளை விட்டுவிட்டு முன்னால் வேகமாக வீட்டுக்கு நடந்தேன்.

அடுத்த ஞாயிறு என் காவல்காரன் வெறியோடு வாசலில் நின்றான். முத்து வியாபாரி அந்த வழியாக வெளியே போனார். எதையோ மறந்தவர்போலத் திரும்பி வந்தார். மறுபடி வந்து என் முன்னாலேயே நின்று நெற்றி வியர்வையைத் துடைத்தார்; விரலில் என்னவோ மின்னியது. காவலரே, என்ன நாழிகை ஆகிறது என்றார்.

பாய்ந்து பிடித்தேன். எங்கே பார்த்தீர் என்று நீதிபதி கேட்டபோது, என் வாசலில், என் கண்ணெதிரில், நல்ல வெயிலில் என்று எழுதினேன். தீர்ப்பு வந்தது. மாமாவின் கடை, படகு எல்லாம் போயின. மாமா எழுந்துவந்து என் தோளைப் பிடித்து பிரவுசிங் கடைக்காரரிடம் காட்டினார்.

"என் மருமவன் திருடனப் புட்ச்சிட்டான்பா. மாட்னது நான்தான்."

தளபதியாகத் தெருவில் இறங்கி, எதிரே வந்தவரையெல்லாம் நிறுத்தி என் சாமர்த்தியத்தைச் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன். மாமா அடுத்த வாரம் கழுதை மேய்க்கிறவராக முதலிலிருந்து ஆரம்பித்தார். திருடிய மோதிரத்தை விரலில் போட்டுக்கொண்டு எவனாவது காவல்காரனிடமே வந்து நாழிகை கேட்பானா என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.