ரோபோவின் சாப்பாடும் என் சமாதானமும்

இன்று காலை தாம்பரத்தில் டிபன் கடையில் என் எதிரே இரண்டு இளைஞர்கள். கிரகங்களையே விழுங்கும் ராட்சத ரோபோ வரும் கார்ட்டூனின் தீவிர ரசிகர்கள்.

"மச்சான், அது பூமிக்குள்ள இருக்கற இரும்பை மட்டும்தான் சாப்பிடும்" என்றார் கண்ணாடி போட்டவர்.

"கடலைக் குடிக்காம இன்ஜின் எப்படிடா கூல் ஆகும்? நீ முழுசா பார்த்ததே இல்ல" என்றார் தாடிக்காரர்.

அந்தக் கடைசி வார்த்தை கண்ணாடிக்காரரைச் சுட்டுவிட்டது. ஃபோனை எடுத்து, பக்கத்தில் தோசை சாப்பிடும் நண்பரை ரசிகர்களின் வாட்ஸப் குழுவிலிருந்து நீக்கினார். தாடிக்காரரின் கண்ணே கலங்கிவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. "கற்பனை ரோபோதானே தம்பி, ரெண்டையும் சாப்பிட்டுட்டுப் போகட்டுமே" என்றேன்.

இருவரும் சேர்ந்து என் பக்கம் திரும்பினார்கள்.

"தெரியாத விஷயத்துல தலையிடாதீங்க சார்."

"இவர மாதிரி ஆளுங்களாலதான் மச்சான் நம்ம குரூப்பே கெட்டுப்போச்சு."

நான் அந்தக் குழுவிலேயே இல்லை.

பிறகு இருவரும் ஒரே பைக்கில், என்னைத் திட்டிக்கொண்டே பொழிச்சலூர் பக்கம் போனார்கள். பின்னால் உட்கார்ந்த கண்ணாடிக்காரர் நண்பரை மறுபடி குழுவில் சேர்த்துக்கொண்டிருந்தார்.

என்னைக் கேட்டால் அந்த ரோபோ முதலில் சமாதானம் பேச வருகிறவர்களைத்தான் தின்னும். மறுப்பவர்கள் கீழே கமெண்ட்டில் வந்து சண்டை போடலாம். நான் குறுக்கே வரமாட்டேன்.